பின்னால் ஓடிய லாரி

செங்காட்டுச் சமஸ்தானத்தில் அந்தக் கோடையில் கிணறுகள் எல்லாம் வற்றிப் போயின. ஆறு மைல் தள்ளியிருந்த ஆற்றிலிருந்து தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிவர அரண்மனையில் இருந்ததோ ஒரே ஒரு லாரி. அதுவும் ஒருநாள் பாதி வழியில் கடகடவென்று கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஊர் தவித்தது. அப்போது வந்து சேர்ந்தார் பேச்சிமுத்து மேஸ்திரி.

"பின் அச்சு போயிருக்கு மகாராஜா. ஓட வச்சிடுறேன். ஓடிட்டா எனக்குப் பெரிய மேஸ்திரி பதவியும் ராஜ விருந்தும் தரணும். எழுதிக் குடுங்க" என்றார்.

ராஜா குமாரபூபதி நல்லவர், ஆனால் அவசரக்காரர். எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அரண்மனை வாசலில் கூட்டம் கூடியது. டிரைவர் சுடலையாண்டி முதல் கியரைப் போட்டார். லாரி பின்னால் போனது. பதறிப்போய் இரண்டாவதைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போய் யானைக் கொட்டாரத்துச் சுவரில் முட்டி நின்றது.

"ரிவர்ஸைப் போட்டுப் பாருமய்யா!" என்று கத்தினார் ராஜா.

போட்டார். லாரி முன்னால் வந்தது, நத்தை மாதிரி. அந்த வேகத்தில் ஆற்றுக்குப் போய் வந்தால், கொண்டுவருகிற தண்ணீரை எல்லாம் ரேடியேட்டரே குடித்துவிடும்.

"என்னய்யா வேலை செய்திருக்கிறீர்?" என்று சீறினார் ராஜா.

பேச்சிமுத்து அசரவில்லை. "ஓடுதா, இல்லையா? முன்னாலே ஓடணும்னு காகிதத்திலே எழுதலையே மகாராஜா! பழைய லாரியிலே ஒரு கியர்தான் பின்னால போகும். இப்ப நாலு போகுது. மூணு இனாமா சேர்த்திருக்கேன்!"

"பிரித்துச் சரி செய்யும்."

"பதவி கைக்கு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்."

முத்திரை குத்திய வாக்கை மீறினால் மானம் போய்விடுமே என்று ராஜா பல்லைக் கடித்தார். வேறு வழியில்லாமல், "இன்று முதல் லாரியின் பின்புறமே முன்புறம்" என்று தண்டோரா போடச் சொன்னார். முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழ மாலையைக் கழற்றி லாரியின் வாலில் கட்டினார்கள். சுடலையாண்டி இரண்டு நாள் திரும்பிப் பார்த்தபடியே லாரி ஓட்டினார். மூன்றாம் நாள் அவர் கழுத்து திரும்பியபடியே நின்றுவிட்டது. அவர் மனைவி முதுகுப் பக்கம் உட்கார்ந்துதான் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. மேடு பள்ளத்தில் பீப்பாய்கள் கவிழ்ந்து, ஊருக்கு வந்து சேர்ந்த தண்ணீரோ வாய் கொப்பளிக்கத்தான் கண்டது.

அவைப்புலவர் மருதவாணர் குளித்து ஐந்து நாளாகியிருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு வெண்பாவின் இரண்டாம் அடியைத் தாண்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ராஜா கூப்பிட்டனுப்பினார்.

"புலவரே, நாளைக்குப் பதவி கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் கோட்டைக் கதவு, மணிக்கூண்டு, அணையின் மதகு எல்லாம் இவர் கைக்குப் போகும். இவர் மதகைத் தொட்டால் ஆறு திரும்பி மலைக்கே போய்விடுமே!"

மருதவாணர் விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்தபடி யோசித்தார். பிறகு சொன்னார்: "கொடுத்துவிடுவோம் மகாராஜா. ஒன்றுகூடக் குறையாமல் கொடுப்போம். கொடுக்கிற பொறுப்பை மட்டும் என்னிடம் விடுங்கள்."

மறுநாள் காலை பேச்சிமுத்து பட்டு வேட்டியோடு அவைக்கு வந்தார். வந்ததும் தாம்பூலத் தட்டை நீட்டினார்கள். போட்டுக்கொண்டார். கை கழுவத் துளி நீர் வார்த்தார்கள். கழுவினார். அப்புறம் இலை வந்தது. சாப்பிட்டு முடித்ததுபோல் மடித்து மூடிய இலை.

"சாப்பாடு எங்கே?" என்றார்.

"ஏப்பம் விடும்" என்றார் மருதவாணர்.

"சாப்பிடாம எப்படி ஏப்பம் வரும்?"

"அது வந்தால்தான் மோர் வரும். மோர் முடிந்தால் ரசம், அப்புறம் சாம்பார். மெதுவாக வரட்டும், அவசரமில்லை."

பேச்சிமுத்து முழித்துக்கொண்டிருக்கும்போதே மேளம் முழங்கியது. கழுத்தில் மாலை விழுந்தது. தோளில் சால்வை ஏறியது. கட்டியக்காரன் உரக்கப் படித்தான்: "முப்பது ஆண்டுகள் அரும்பணி ஆற்றிய பெரிய மேஸ்திரி பேச்சிமுத்து இன்றோடு ஓய்வு பெறுகிறார்!"

இரண்டு கிழக் காவலர்கள் மூக்கைச் சிந்தி அழுதார்கள். ஒருவர், "உங்களை மாதிரி இனி யார் வருவா!" என்று பேச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஐயோ, நான் இன்னும் வேலையிலேயே சேரலையே!"

"சேருவீர்" என்றார் மருதவாணர். "இன்று ஓய்வு. நாளை முதல் முப்பது வருஷம் உழைப்பு. அதை முடித்ததும் நியமன ஓலை கையில் கொடுப்போம்."

"இது என்ன வரிசை? தலைகீழா இருக்கே!"

"பதவியும் விருந்தும் தருவதாகத்தான் எழுதியிருக்கிறது. முன்னாலிருந்து தர வேண்டும் என்று காகிதத்தில் எழுதவில்லையே, மேஸ்திரி!"

ராஜா வாயில் அங்கவஸ்திரத்தை அடைத்துக்கொண்டார். சமையலறையிலிருந்து நெய் வாசனை வந்தது. பேச்சிமுத்துவின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி உறுமியது.

"சாமி, பின் அச்சுக்குள்ள பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாத்தி மாட்டிட்டேன். மாட்டின அன்னைக்கே தெரியும். மறுபடி பிரிக்கச் சோம்பல். இப்பவே சரி பண்ணிடுறேன். விருந்தை மட்டும் நேரா போடச் சொல்லுங்க!"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்கு அடியில் புகுந்தார். சாயங்காலம் சுடலையாண்டி முதல் கியரைப் போட்டார். லாரி முன்னால் பாய்ந்தது. ஊரே ஓவென்று கத்தியது. அன்று வந்த முதல் பீப்பாயை ராஜா மருதவாணர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். புலவர் ஆசை தீரக் குளித்து, ஈரத் தலையோடு அவைக்குத் திரும்பினார்.

பேச்சிமுத்துவும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இந்தத் தடவை நிஜமான ஏப்பத்தோடு வந்து நின்றார்.

"மகாராஜா, வண்டி இப்ப முன்னாலே ஓடுது. விருந்தும் நேரா வந்துடுச்சு. அந்தப் பதவியையும் நேரா குடுத்துட்டீங்கன்னா..."

ராஜா தர்மசங்கடத்தோடு புலவரைப் பார்த்தார்.

"கொடுத்திருக்கலாம்" என்றார் மருதவாணர், தலையைத் துவட்டிக்கொண்டே. "ஆனால் சட்டம் இடம் கொடுக்காதே, மேஸ்திரி. காலையில்தானே நீர் ஓய்வு பெற்றீர்?"