பிரித்து ஒட்டிய பஸ்தெல்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எதிரே ஜெசிந்தா ஒரு சமையல் பள்ளி நடத்திவந்தாள். மாணவர்கள் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த தொம்மையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கப்பலில் சமையல்காரியாக இருந்தபோது ஜெசிந்தா பிரேசிலில் கற்றுவந்த பலகாரம் பஸ்தெல். மெல்லியதாகத் தேய்த்த மைதா மாவுக்குள் சீஸை வைத்து மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, எண்ணெயில் பொரிப்பது. தொட்டுக்கொள்ள, பூண்டும் பச்சை மிளகாயும் வினிகரும் சேர்ந்த காரச் சாறு.

தொம்மை மாவு பிசைவார், தேய்ப்பார், மடிப்பார். அடுப்பைப் பற்றவைத்தால் மட்டும் மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்.

ஒரு காலத்தில் அவர் பெரிய சூரர். சொந்தக் கடையில் வருகிறவர்களிடம் வாயடித்துக்கொண்டே, சட்டியைப் பார்க்காமலே வடை போடுவார். அப்படி ஒருநாள் ஈரக் கரண்டி கொதிக்கும் எண்ணெய்க்குள் போனது. பக்கத்தில் நின்ற மனைவி மிக்கேலம்மாளின் கை தோளிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. அன்றே கடையை மூடிவிட்டார். இப்போது அதைத் திறந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவள் மிக்கேலம்மாள்தான். அவரை இங்கே இழுத்துவந்தவளும் அவள்தான்.

“இன்னைக்கு நீங்கதான் போடணும், அண்ணே” என்றாள் ஜெசிந்தா.

தொம்மை ஒரு பஸ்தெல்லை எடுத்து, கையை முழுக்க நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு எறிந்தார். மேடையெல்லாம் எண்ணெய் தெறித்தது. சோமாஸ் ஞாபகத்தில் அதற்குள் சீஸை வயிறு புடைக்க அடைத்திருந்தார். தேங்காய்ப் பூரணம் பொறுத்துக்கொள்ளும், உருகிய சீஸ் பொறுக்குமா? பஸ்தெல் வாய் பிளந்து படபடவென்று வெடித்தது. தொம்மை கதவருகே போய் நின்றார்.

ஜெசிந்தா தீயைத் தணித்து, கருகியதை அரித்து எடுத்தாள்.

“மாஸ்டர், இந்தப் பயம் எப்பப் போகும்?”

ஜெசிந்தா திரும்பினாள். வாசல் பக்கம் உட்கார்ந்து காரச் சாறு கலக்கிக்கொண்டிருந்த மிக்கேலம்மாளைப் பார்த்தாள்.

“அக்கா, அடுப்புப் பக்கத்துல வந்து கலக்குறீங்களா?”

மிக்கேலம்மாள் சட்டியைப் பார்த்தாள். முந்தானையைத் தழும்பின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு கிண்ணத்தோடு வந்து அடுப்புக்கு வலப்பக்கம் நின்றாள். கடையில் அவள் எப்போதும் நிற்கும் பக்கம் அது.

“ஏ புள்ள, தள்ளிப் போ!”

“மாட்டேன். நீங்க வந்து போடுங்க.”

தொம்மைக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் அவள் அந்தச் சட்டியோடு தனியாக நிற்பாள். திரும்பி வந்தார்.

அடுத்த பஸ்தெல்லை எடுத்து ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். நடுவில் காற்று உப்பியிருந்தது. பிரித்தார். சீஸில் பாதியை எடுத்துப் போட்டார். காற்றை அழுத்தி வெளியேற்றி, மறுபடி ஒட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றினார். ஒரு துணுக்கு மாவைப் போட்டு எண்ணெயின் சூட்டைப் பார்த்தார். மனைவிக்கும் சட்டிக்கும் நடுவே தன் உடம்பை நுழைத்துக்கொண்டார். கை கீழே, எண்ணெய்க்கு வெகு அருகில் போனது. பஸ்தெல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை.

பொன்னிறமாக வந்ததை மிக்கேலம்மாள் ஆறவிட்டு, சாற்றில் தோய்த்துக் கடித்தாள். “உப்பு கம்மி” என்றாள். கண் கலங்கியிருந்தது.

தொம்மை அடுப்பை அணைத்தார். “பயம் எங்க மாஸ்டர் போச்சு? முன்னைவிட அதிகமால்ல இருக்கு!”

“போயிருந்தா,” என்றாள் ஜெசிந்தா, “அதைப் பிரிச்சுப் பாத்திருப்பீங்களா?”