கடைசி அத்தியாயத்தை யார் போடுவது?

"மேடம், எத்தனை நாவல் எழுதினா இந்தப் பயம் போகும்?"

செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார் தனபாக்கியம்.

கேட்டவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கரூரில் ஒரு பெட்ஷீட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். பதில் சொல்ல வேண்டிய குரு உமையாளுக்கு முப்பத்தாறு. இணையத்தில் நாற்பத்து மூன்று காதல் நாவல்களைத் தொடராக எழுதி முடித்தவர். இந்தக் காலத்துக் குருமார்கள் காட்டில் இருப்பதில்லை. திருச்சியில் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். லிஃப்ட் வேலை செய்தால் சுலபமாகப் போய்ப் பார்த்துவிடலாம்.

அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை.

"முதல்ல உக்காந்து மூச்சு வாங்குங்கக்கா. மேடம் எல்லாம் வேண்டாம்."

உமையாள் தண்ணீர் கொடுத்தார். தனபாக்கியம் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"கதையை அழிச்சிடப் போறேனுங்க. முப்பத்தெட்டு அத்தியாயத்தையும். இன்னைக்கே. உங்க கதையைப் படிச்சுத்தான் எழுதவே ஆரம்பிச்சேன். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அழிக்கலாம்னு வந்தேன்."

"இன்னும் எத்தனை அத்தியாயம் பாக்கி?"

"ஒண்ணே ஒண்ணு. எழுதி மூணு வாரமாச்சு. போன்லயே கெடக்குது. போடறதுக்குக் கை வரலைங்க."

இணையத்தில் தொடர் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். எழுதுவது ஒரு வேலை. எழுதியதை ஊரறியப் போடுவதற்கு அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துவது வேறு வேலை.

"யாரு என்ன சொன்னாங்க?"

தனபாக்கியம் தன் போனை நீட்டினார். ஒரு வாசகர் எழுதியிருந்தார்: 'ஹீரோயினுக்கு அம்பது வயசு. ஹீரோவுக்கு சுகர். இதெல்லாம் ஒரு லவ் ஸ்டோரி. தலையெழுத்து!'

அதற்கு மேலும் கீழும் நூறு பேர் நன்றாக இருப்பதாக எழுதியிருந்தார்கள். அதை அவர் காட்டவில்லை. யாரும் காட்டுவதில்லை.

"நிஜமாவே ஹீரோவுக்கு சுகரா?"

தனபாக்கியத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"ஆமாங்க. எல்லாரும் ஆறடி உயரம், பூனைக்கண்ணுன்னு எழுதறாங்க. எனக்கு அப்படி யாரையும் தெரியாதுங்க. இவரு அஞ்சடி நாலு. ரெண்டு வேளையும் மாத்திரை."

"மாத்திரையை யாரு ஞாபகப்படுத்தறது?"

"அவதான். போன் பண்ணுவா. இவரு முழுங்கற சத்தம் கேட்டப்புறம்தான் வைப்பா."

உமையாள் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சே, இது எனக்குத் தோணலையே," என்றார். பொறாமையோடுதான் சொன்னார்.

"அதெல்லாம் சரிங்க. பயம் எப்பப் போகும்? அஞ்சாவது நாவல்லயா, பத்தாவதுலயா?"

உமையாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை நான்கு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது. அவர் முகம் வெளிறிப்போனது.

சட்டென்று எழுந்து தன் போனைக் கொண்டுவந்து தனபாக்கியத்தின் கையில் வைத்தார். அதில் அவருடைய புது அத்தியாயம் தயாராக இருந்தது. அடியில் பச்சைப் பொத்தான்.

"வாரா வாரம் நாலு மணிக்குப் போடறதா வாசகர்கள்கிட்ட சொல்லியிருக்கேன். சரியா நாலுக்கு இதை அழுத்திடுங்கக்கா."

"நானா?"

"நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட அழுத்தினதில்ல. அந்த நேரத்துக்கு வீட்டுக்கு யாரு வர்றாங்களோ அவங்கதான். போன வாரம் சிலிண்டர்க்காரர். அதுக்கு முந்தின வாரம் ஃபேன் ரிப்பேருக்கு வந்தவர். ஏதோ பேங்க் மோசடின்னு நெனச்சு அந்த மனுஷன் பயந்தே போயிட்டார்."

"நாப்பத்து மூணு நாவல் எழுதியிருக்கீங்க..."

சொல்லி முடிப்பதற்குள் உமையாள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கமெண்ட் வந்தா போன் டிங் டிங்குனு அடிக்கும்," என்றது உள்ளிருந்து குரல். "அது என் காதுல விழக்கூடாது. வாளி நெறையற வரைக்கும் நான் வெளிய வர மாட்டேன்!"

அடுத்தவர் வீட்டில், அடுத்தவர் போனோடு தனபாக்கியம் தனியாக நின்றார். சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக இது தனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்து, கம்பெனியில் ஒருவரிடமும் வாய் திறக்காமல் இருந்தவர் அவர். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது.

நான்கு மணி ஆனது. அழுத்தினார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இப்பத்தானே போயிருக்கு? கொஞ்சம் சும்மா இருங்க."

போன் டிங் என்றது. இன்னொரு தடவையும் அடித்தது.

"ஒருத்தங்க சூப்பர்னு போட்டிருக்காங்க. இன்னொருத்தங்க..."

"இன்னொருத்தங்க?"

"போன நாவல் அளவுக்கு இல்லையாம்."

உள்ளே குழாய் இன்னும் வேகமாகத் திறக்கப்பட்டது.

தனபாக்கியம் அந்தப் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். சோபாவில் உட்கார்ந்தார். தன் போனை எடுத்தார்.

பிறகு பாத்ரூம் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"வாளி இன்னும் நெறையலக்கா!"

"பரவால்ல. கதவைத் திற கண்ணு. போட்டுட்டேன்."

"அதான் அப்பவே போட்டாச்சே?"

"உன்னோடதைச் சொல்லல. கொஞ்சம் தள்ளி நில்லு, நானும் உள்ள வரணும்."