நாற்பத்தெட்டு நிமிடம் யாருடையது?

இசைக் கல்லூரி நூலகத்தில் சண்டை வராது என்று நினைப்பவர்கள், கலைஞர்களோடு பழகாதவர்கள். எந்தப் பொருள் எந்த அடுக்கில் நிற்கிறது என்று வாசகர் கவலைப்படுவதில்லை. அதில் பெயர் உள்ளவர்தான் கவலைப்படுவார், அதுவும் பக்கத்து அடுக்கை எட்டிப் பார்த்துக்கொண்டே கவலைப்படுவார். அப்படி மூன்று பேர் ஒரு கேசட்டுக்காக மல்லுக்கு நின்ற கதை இது. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

நூலகர் மரகதவல்லி வகுத்த விதிகள் எளியவை. ஸ்வரப்படுத்திய புத்தகம் என்றால் பாட்டை இயற்றியவர் பெயரில் நிற்கும். பதிவு என்றால், அதில் முன்னின்று வாசித்தவரின் வாத்திய அடுக்கில் நிற்கும். சடங்குப் பாட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு; ஊஞ்சல், நலங்கு என்று எந்த வீட்டுக் கல்யாணத்திலும் பாடக்கூடியவை அங்கே போகும். உடன் வாசித்தவர், கொடுத்தவர் பெயர்களெல்லாம் இழுப்பறையில் ஆளுக்கோர் அட்டையில் இருக்கும். ஒரு பொருளுக்கு ஓர் இடம்தான். நகல் எடுத்து நாலு இடத்தில் வைக்கும் பழக்கம் அங்கே கிடையாது.

ஆனால் யாரும் இழுப்பறையைத் திறப்பதில்லை. நேரே அடுக்குக்குத்தான் போவார்கள். நாகஸ்வர அடுக்கில் குஞ்சிதபாதத்தின் பதிவுகள் மட்டும் நாற்பத்தொன்று. தவில் அடுக்கு காலி. அந்த நாற்பத்தொன்றிலும் தவில் வாசித்த சிங்காரவேலு இழுப்பறைக்குள் அட்டையாகக் கிடந்தார். இப்போது அவருக்கு வலது மணிக்கட்டு மடங்குவதில்லை. இனிப் புதிதாக ஒரு பதிவு வர வழியில்லை.

இந்த நிலையில்தான் இந்துராணி என்ற பெண்மணி தன் கல்யாணக் கேசட்டை நூலகத்துக்குக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தாலி கட்டி முடிந்து முதல் பந்தி நடந்தபோது எடுத்த பதிவு. அறுபது நிமிடம். செய்தி எப்படியோ பரவி, ஒரே காலையில் மூவரும் வந்து நின்றார்கள்.

குஞ்சிதபாதம் கும்பிட்டார். இரு கைகளிலும் தடித்த மோதிரங்கள். கும்பிட்டபோதே ஒன்றோடொன்று இடித்து 'டிக்' என்றது. "கச்சேரி என் பேர்ல பேசினதும்மா. தேங்காய் பழம் தாம்பூலம் எனக்குத்தான் வெச்சாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அண்ணன் வாசிச்சது பன்னெண்டு நிமிஷம்" என்றார் சிங்காரவேலு. "மிச்சம் நாப்பத்தெட்டும் என் தவில். எனக்குன்னு அங்க ஒண்ணே ஒண்ணு இருக்கட்டுமே."

"வாயில வெச்சு ஊதுற சீவாளி பொளந்துபோச்சுய்யா. இல்லாட்டி நீ எங்க நாப்பத்தெட்டு நிமிஷம் வாசிக்கிறது?"

இந்துராணிக்குத் தனி வழக்கு. "மாலையும் கழுத்துமா நான் உக்காந்திருக்கேன். வந்தவங்க எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இவங்களையே பாக்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் உட்பட. இதையாவது கல்யாணப் பாட்டு அடுக்குல, என் பேர்ல வைங்க."

நாற்பத்தொரு பதிவு வைத்திருப்பவருக்கு நாற்பத்திரண்டாவதை விட மனமில்லை. ஒன்றுமில்லாதவருக்கு அந்த ஒன்று வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கோ இரண்டு மேளக்காரர்கள் மேலும் இன்னும் எரிச்சல் தீரவில்லை. மரகதவல்லி மூவரையும் உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, கேசட்டை முழுவதும் கேட்டார்.

முதல் பன்னிரண்டு நிமிடம் நாகஸ்வரம் பாடுகிறது, தவில் அதன் பின்னால் நிழலாகப் போகிறது. பன்னிரண்டாம் நிமிடத்தில் தவில் தீர்மானம் என்னும் முத்தாய்ப்பு ஒன்றை வைக்க, கூட்டம் "ஆகா" என்கிறது. அடுத்த வரியிலேயே நாகஸ்வரம் நின்றுவிடுகிறது. தவில் தனியே தடுமாறி, இரண்டு தாளச் சுற்றுகள் தத்தளித்து, பிறகு நிமிர்கிறது. அதற்குப் பிறகு நாற்பத்தெட்டு நிமிடம் கணக்கு மேல் கணக்கு. அடியில் கைத்தட்டலாக ஒரு தாளம் கடைசி வரை பிசகாமல் கேட்கிறது. ஒவ்வொரு தட்டோடும் சன்னமாக ஒரு 'டிக்'.

"தாளம் போட்டது யாரு?" என்று கேட்டார் மரகதவல்லி.

"எங்க தாளக்காரன் முதல் பந்திக்கு எழுந்து போயிட்டான், சாப்பாட்டு ராமன்" என்றார் சிங்காரவேலு. குஞ்சிதபாதம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசட் உறைக்குள் அன்று எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தது. குஞ்சிதபாதத்தின் நாகஸ்வரம் மடியில் கிடக்கிறது. அதிலிருந்து நூலில் கோத்த மாற்றுச் சீவாளிகள் நான்கு, கொத்தாகத் தொங்குகின்றன.

மரகதவல்லி படத்தை உறைக்குள் வைத்தார், பேனாவைத் திறந்தார். கேட்டவர்களே, அந்தக் கேசட் எந்த அடுக்கில் நிற்க வேண்டும்? மூவரில் யார் கேட்டது நியாயம்?

விடை: தவில் அடுக்கில். இந்துராணியின் கல்யாணம் பதிவு நடந்த இடமே தவிர, பதிவில் சடங்குப் பாட்டு எதுவும் இல்லை. அவருக்கு இழுப்பறையில் 'கொடுத்தவர்' என்று ஓர் அட்டை. சீவாளி பிளந்தது சாக்கு, மாற்றுச் சீவாளி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அந்த "ஆகா" பொறுக்காமல், சிங்காரவேலு சபையில் விழட்டும் என்றுதான் குஞ்சிதபாதம் நிறுத்தினார். ஆனால் விழப்போனவரைத் தாங்கித் தாளம் போட்டது அந்த மோதிரக் கைகளேதான். முன்னின்று வாசித்தவர் யார் என்பதற்கு, அவருக்காக நாற்பத்தெட்டு நிமிடம் தாளம் போட்டவரைவிட வேறு சாட்சி வேண்டாம். மரகதவல்லி அட்டையில் 'தாளம்: குஞ்சிதபாதம்' என்று எழுதியபோது அவர் மறுக்கவில்லை. சிங்காரவேலுதான் தலைகுனிந்து சொன்னார்: "அண்ணன் கை இல்லேன்னா நான் அன்னிக்கு விழுந்திருப்பேன்மா. எனக்கு அப்பவே தெரியும். இருபத்திரண்டு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எனக்கும் பொறாமைதான்."