ஜெயித்த மதர்போர்டு

“இனிமேலாவது என்னைத் தனியா முடிவு சொல்ல விடுவீங்களா டீச்சர்?”

மாசிலாமணி கேட்டே விட்டார்.

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் கூடம் அது. கற்றுக்கொடுக்கும் ஜெபமலர் அவரைவிட வயதில் சின்னவள். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார்கள். எந்த மதர்போர்டு போடலாம் என்று மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால், கத்தி கண்ணில் இருக்கும்போது திரை அணைந்துவிடும். அதை நினைத்துத்தான் காலையில் மாதா படத்துக்கு முன்னால் கூடக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார்.

ஜெபமலர் மேசைக்குக் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டினாள்.

“பேரு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும் அண்ணாச்சி. எட்டிப் பார்க்காதீங்க. ரெண்டு தடவை ஓட்டுவேன். திரையை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

முதல் ஓட்டத்தில் மதிப்பெண் சுமார்தான். வேலைப் பாரம் ஏற ஏற வேகம் தொங்கியது. மாசிலாமணி உதட்டைப் பிதுக்கினார்.

போர்வைக்குப் பின்னால் ஒயர்களைக் கழற்றி மாட்டும் சத்தம் கேட்டது.

இரண்டாவது ஓட்டத்தில் திரையில் வேகத்தைக் காட்டும் கோடு கிடுகிடுவென்று ஏறியது. ஏறின இடத்திலேயே அசையாமல் நின்றது.

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துவிட்டார். இதுதான், இதுதான் என்று தொடையைத் தட்டினார். முதலாவது அவசரக்குடுக்கை, கொஞ்சம் பாரம் வைத்தாலே மூச்சு வாங்குகிறது என்றார். இரண்டாவது நாலு பிள்ளை வளர்த்த மனுஷி மாதிரி, எதை வைத்தாலும் முகம் சுளிக்காமல் தாங்குகிறது என்றார். முதலாவதைச் செய்தவன் எங்கே கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறான் என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது. சத்தமே காட்டிக் கொடுக்கிறதாம்.

 அவர் ஓய்ந்ததும் ஜெபமலர் கேட்டாள்.

“நிச்சயமா?”

“சத்தியம் பண்ணட்டுமா?”

அவள் போர்வையை அவிழ்த்தாள்.

மேசையில் ஒரே ஒரு போர்டு இருந்தது.

மாசிலாமணி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். சுற்றிப் போய் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“இன்னொண்ணு எங்கே?”

“எதைத் தேடுறீங்க அண்ணாச்சி? அவசரக்குடுக்கையையா, நாலு பிள்ளை பெத்தவளையா? ரெண்டும் இதேதான். முதல் தடவை சூட்டைத் தணிக்கிற ஃபேன் ஒயரை மாட்டாம ஓட்டினேன்.”

அவர் போர்டிலிருந்த ஃபேனைத் தொட்டுப் பார்த்தார். 

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர். எந்த போர்டு என்று கேட்கத்தான்.

ஜெபமலர் போனை எடுக்கவில்லை. அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

மாசிலாமணி எடுத்தார்.  முகத்தில், திருவிழாவில் முதல் வாணம் மேலே போவதைப் பார்த்த பிள்ளையின் சிரிப்பு.

“டாக்டரம்மா, இன்னைக்கு எதையும் வாங்கிராதீங்க. நான் இன்னும் ஒரு போர்டைக்கூடப் பார்க்கல.”