உப்பு ஜாடி எங்கே இருக்குது?

இந்தக் கேள்வியைப் பிசகாமல் கேட்போமா என்று ஆஸ்பத்திரி ஆயா செங்கமலத்துக்கு இன்னும் பயம்தான். உப்பில்லாமல் சாப்பிட வேண்டிய பெரியவருக்குக் கால் வீக்கம் வடியவில்லை. சாப்பாடு வருவது வீட்டிலிருந்து. கூட்டுக் குடும்பம், பார்க்க வந்த பதினாலு பேரில் யாருக்கு யார் என்ன உறவென்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

"உப்பு ஆகாதுன்னு வீட்டுத் தலைவருக்கு மூணு தடவை விளக்கியாச்சு. நீதான் அவருக்குத் திருட்டுத்தனமா ஊறுகாய் கொடுக்கிறே! டாக்டர் வரட்டும், உன் வேலை போச்சு" என்று அவளிடம் சொன்னார் பெரிய சிஸ்டர்.

டாக்டர் வந்ததும் செங்கமலம் அந்த வீட்டுத் தலைவரிடம் கேட்டாள்: "ஐயா, உங்க வீட்டு உப்பு ஜாடி எங்கே இருக்குது?"

"எனக்கென்ன தெரியும்? சமையலெல்லாம் கடைசி மருமகள்."

கதவோரம் நின்ற மருமகள், "உப்பு ஆகாதுன்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே!" என்றாள்.

டாக்டர் சிஸ்டரை முறைத்தார்.

"பெரிய சிஸ்டர்தான் இப்படிக் கேட்கச் சொன்னாங்க, டாக்டரய்யா" என்று செங்கமலம் அவசரமாகச் சொல்லி, சிஸ்டரின் மானத்தோடு தன் வேலையையும் காப்பாற்றிக்கொண்டாள்.