சவுண்ட்பாருக்குப் பேர் வைத்த கதை

தென்காசியில் ஒரு மாடி வீட்டில் குற்றாலிங்கம், சொரிமுத்து, எபனேசர் என்று மூன்று பேர் சேர்ந்து குடியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். கோளாறே அதில்தான் இருந்தது.

குற்றாலிங்கத்திடம் ஒரு கேம் பெட்டியும் கம்ப்யூட்டர் மானிட்டரும் இருந்தன. மானிட்டரில் படம் வரும், சத்தம் வராது. அதில் ஸ்பீக்கர் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் கேம் ஆட வந்த செங்கோட்டை தமீம், "என்னப்பா, எழவு வீட்டுல ஆடுத மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம் முழுக்கக் குற்றாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஞாயிறு நாலு மணிக்குத் தமீம் தன் ஆட்களோடு மறுபடியும் வருகிறான். அதற்குள் சத்தம் வந்தாக வேண்டும். சவுண்ட்பார் என்ற நீள ஸ்பீக்கரும் புதிதாக வாங்கியாகிவிட்டது.

ஞாயிறு மதியம், கோயம்புத்தூரில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் தன் அக்காள் புருஷனுக்குப் போன் போட்டான்.

"ரொம்பச் சுலபம் மாப்ள. மானிட்டருக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சவுண்ட்பார் வயரை அதுல சொருகு" என்றார் அத்தான்.

மூவரும் மானிட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். சுவர் இருந்தது. சுவரில், காலண்டர் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது.

"கோயம்புத்தூர்ல இருந்துகிட்டு நம்ம வீட்டுச் சுவரு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காரே!" என்று எபனேசர் வியந்துபோனான்.

வயரைச் சுவரில் சொருகினார்கள். விழுந்துவிடாமல் இருக்கச் சொரிமுத்து சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினான். சத்தம் வரவில்லை. மறுபடி போன்.

"சவுண்டைக் கூட்டிப் பாத்தியா?" என்றார் அத்தான்.

சொரிமுத்து துடைப்பத்தை எடுத்துவந்து சவுண்ட்பாரைச் சுற்றி நன்றாகக் கூட்டினான். அப்போதும் வரவில்லை. "மூலையில கூட்டலைல்லா?" என்று எபனேசர் குறை சொன்னான். மூலையிலும் கூட்டினார்கள். மூன்றாவது தடவை போன் போனது.

"அப்போ சவுண்ட்பாரே கோளாறான்னு பாக்கணும். வயரை விடு. உன் போனோட பேர் பண்ணிப் பாரு. சவுண்ட்பார்ல புளூடூத் பட்டனை அமுக்கிப் பிடி. லைட்டு நீலமா மாறுத வரைக்கும் கையை எடுக்காதே."

குற்றாலிங்கம் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூவரும் அண்ணாந்து டியூப்லைட்டையே பார்த்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. கழுத்து வலித்தது. லைட்டு வெள்ளையாகவே எரிந்தது.

"நம்ம லைட்டு பழசுலே. அதுக்கு உதவி வேணும்" என்று சொல்லிவிட்டுச் சொரிமுத்து கடைக்கு ஓடினான். நீலக் கலர் கண்ணாடித் தாள் வாங்கிவந்து டியூப்லைட்டில் சுற்றினான். அறையே நீலமாயிற்று. குற்றாலிங்கம் நிம்மதியாகக் கையை எடுத்தான்.

"அடுத்து பேர் பண்ணணும்னாரு. அப்படின்னா?"

"பேர் வைக்கணும். வேறென்ன?"

"ஆணா பொண்ணான்னு தெரியாம எப்படிலே வைக்க?"

"குரல் வந்தாத்தானே தெரியும்?"

"பேர் வச்சாத்தானே குரல் வரும்?"

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில், இரண்டுக்கும் பொதுவாகப் பாக்கியம் என்று வைப்பதாக முடிவாயிற்று. எபனேசர் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தான். காது இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாததால் இரண்டு முனையிலும் மும்மூன்று தடவை "பாக்கியம்" என்று ஓதினார்கள். அந்த நேரம் பார்த்துக் குற்றாலிங்கத்தின் போன் திரை, 'இணைக்கவா?' என்று கேட்டது. எதற்கும் சரி சொல்லிப் பழகியவன், 'சரி' என்பதை அமுக்கினான்.

உடனே அத்தானிடமிருந்து போன் வந்தது. எடுத்தான்.

"என்ன மாப்ள, ஆச்சா?" என்று சவுண்ட்பார் வீடு அதிரக் கேட்டது.

"ஆண்தான்" என்றான் சொரிமுத்து.

"சவுண்ட்பார் நல்லாத்தான் இருக்கு மாப்ள. இனி மானிட்டர்ல பச்சையா ஒரு ஓட்டை இருக்கும் பாரு..." என்று அத்தான் தொடங்கும்போதே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. தமீம் நாலு ஆட்களோடு வந்துவிட்டான். குற்றாலிங்கம் போனை வாயோடு ஒட்டிப் பிடித்தான்.

"அத்தான், போனை வச்சிராதீங்க, மானம் போயிரும். நான் மெதுவாச் சொல்லுததை நீங்க சத்தமாச் சொல்லுங்க!"

ஆட்டம் தொடங்கியது. குற்றாலிங்கம் போனுக்குள் கிசுகிசுத்தான்.

"நாலு ரன்!" என்று முழங்கியது சவுண்ட்பார். அத்தான் கை தட்டினார். அக்காளும் சேர்ந்து தட்டினாள்.

தமீம் வாயைப் பிளந்தான். "தமிழ்லயே வருதே! எவ்வளவு துல்லியம்! மிக்சி ஓடுத சத்தம்கூடக் கேக்குதே?"

"மைதானத்துல ஓடுது" என்றான் எபனேசர்.

"ஆனா காது வலிக்குப்பா. கொஞ்சம் குறைங்க."

குற்றாலிங்கம் போனில் பணிவாகச் சொன்னான்: "அத்தான், நீங்க அடுத்த ரூமுக்குப் போயிருங்க."

அத்தான் போனை மேசையிலேயே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். இன்னும் குறையட்டும் என்று கதவையும் சாத்திக்கொண்டார். அங்கே குற்றாலிங்கம் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. சும்மா இருக்கக்கூடாதே என்று தோன்றியதைக் கத்தினார்.

தமீம் அப்போதுதான் அருமையாக ஒரு சிக்ஸர் அடித்திருந்தான். சவுண்ட்பார் மெல்லிய குரலில், "அவுட்!" என்றது.

தமீம் மானிட்டரைப் பார்த்தான். சவுண்ட்பாரைப் பார்த்தான். "ஒருவேளை படம் லேட்டா வருதோ என்னவோ" என்று பெருமூச்சு விட்டபடி எழுந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டான். அடுத்த ஆள் கையைத் தேய்த்துக்கொண்டு மானிட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அவன் இன்னும் ரிமோட்டைத் தொடக்கூட இல்லை.

"அவுட்!" என்றது சவுண்ட்பார்.