மங்கல நாண் திரித்த சிற்றம்மையார்

வெண்கரை என்னும் ஊரில், அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியாய் நிற்கும் கோயிலின் மேலவீதியில், பஞ்சு கொட்டி நூல் நூற்றுப் பிழைத்தவர் சிற்றம்மையார். பங்குனித் திருக்கல்யாணத்துக்கு அம்மைக்குரிய மங்கல நாணைத் திரித்துத் தருவது அவரும் கணவர் ஆதனாரும் செய்துவந்த திருத்தொண்டு. வலமுனையை ஆதனார் பிடிக்க, இடமுனையைச் சிற்றம்மையார் பிடிக்க, அஞ்செழுத்தைச் சொல்லிக்கொண்டே முறுக்கேற்றுவார்கள்.

ஒரு தை மாதத்துக் காய்ச்சலில் ஆதனார் சிவபதம் அடைந்தார். அழுது தீர்த்த அம்மையார், பங்குனி நெருங்கியதும் மறுபடி பஞ்சை எடுத்தார். கோயில் மணியக்காரர் வீடு தேடி வந்து தடுத்தார்.

"தாலியறுத்த கை பட்ட நூலை அம்மனுக்குச் சாத்த முடியுமா? வேற வீட்டுல சொல்லியாச்சு."

"சாத்துறதும் சாத்தாததும் உங்க விருப்பமுங்க. திரிக்கிறதை மட்டும் விடமாட்டேன்."

தெருவே சிரித்தது. அம்மையார் ஒரு முனையைத் தூணில் கட்டித் திரித்துப் பார்த்தார். முறுக்கு நிற்காமல் நூல் சுருண்டு சிக்கியது. மூன்றாம் நாள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பாதி உடம்பையே அவளுக்குக் குடுத்த சாமி, ஒரு முனையைப் பிடிக்க உனக்குக் கை இல்லையா?"

கேட்டு முடிப்பதற்குள் நூல் விறைத்தது. எதிர்முனையை யாரோ இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. அம்மையார் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணீர் வழியத் திரித்து முடித்தார்.

திருக்கல்யாணத்தன்று, வேறு வீட்டிலிருந்து வந்த நாணைக் குருக்கள் அம்மையின் கழுத்தில் சாத்தினார். முடிச்சு அவிழ்ந்தது. மும்முறை கட்டியும் நிற்கவில்லை. கலங்கிய குருக்கள், இறைவனின் வலப்பாகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"சுவாமி விரல்லே பஞ்சு ஒட்டிண்டிருக்கே. இப்பத்தானே அபிஷேகம் பண்ணினேன்."

எட்டிப் பார்த்த மணியக்காரருக்கு அது யார் வீட்டுப் பஞ்சு என்று விளங்கியது. வாசலில் வெற்றிலைமேல் நாணை ஏந்தி நின்ற அம்மையாரிடம் ஓடினார்.

"தாயி, தப்பு எம்மேல. உங்க கையாலேயே கொண்டாந்து குடுங்க."

அம்மையார் கொடுத்த நாண் ஒரே முடிச்சில் நின்றது. கெட்டிமேளம் முழங்க, சிரித்த தெருவே கைகூப்பி வழிவிட்டது.

கணவரை இழந்தவரைத் தனியே விடாத இறைவனை வணங்குவோம். அந்த இறைவனையே துணைக்கு அழைக்கும் உரிமை கொண்டிருந்த சிற்றம்மையாரை அதற்கும் முன்னே வணங்குவோம்.